தெரிவு என்ற சொல்லின் பின்னால்: தனியார் பாடசாலைகளும் புலம்பெயர் மத்தியதர வர்க்கமும்

எமது சமூகத்தில் அரசியல் கதைப்பவர்களின் தொகை குறைந்து, பாடசாலை கதைப்பவர்களின் தொகை கூடிக்கொண்டு போகிறது. சாமத்தியச் சடங்கோ அந்தியேட்டியோ, லண்டனில் நாலு தமிழர் கூடுகின்ற எந்த இடத்திலும் 'பிள்ளையை எங்கை சேர்த்திருக்கிறியள்?' என்ற கேள்வி எழாமல் சாப்பாடு முடிவதில்லை. இந்தக் கேள்வி பிள்ளையைப் பற்றியதல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ஊரில் 'நீங்கள் எந்தப் பக்கம்?' என்று நாசூக்காகக் கேட்பார்களே, அதன் இங்கிலாந்துப் பதிப்பு இது.

இந்தக் கேள்விக்குத் தனியார் பாடசாலையொன்றின் பெயரைப் பதிலாகச் சொல்பவர்கள் இப்போது வியாபாரிகளும் வைத்தியர்களும் மட்டுமல்லர். சாதி ஒழிப்பு, மார்க்சியம், பெண் விடுதலை, பின்நவீனத்துவம் என்று இதுபோன்ற ஏடுகளில் எழுதுபவர்களும் வாசிப்பவர்களுமான எமது நண்பர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுடைய தனிப்பட்ட நேர்மையைச் சோதிப்பது எனது நோக்கமல்ல. யார் யாருடைய வீட்டில் என்ன நடக்கிறது என்று வேவு பார்க்கும் வேலையை எமது இயக்கங்கள் எல்லாம் தேவைக்கு அதிகமாகவே செய்து முடித்துவிட்டன. அவர்கள் முன்வைக்கும் நியாயங்களை நியாயங்களாகவே எடுத்து விவாதிக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அந்த நியாயங்கள் எல்லாம் சுற்றிச் சுழன்று ஒரு சொல்லில் வந்து நிற்கின்றன: 'தெரிவு'. பிள்ளைக்கு நல்லதைத் தெரிவுசெய்வது பெற்றோரின் உரிமை என்கிறார்கள். இதை மறுத்து வாய் திறப்பவன் பிள்ளையின் எதிரியாகிவிடுகிறான்.

முதலில் அந்தச் சொல் வாழும் பிரதியைப் பார்ப்போம். தனியார் பாடசாலைகள் பெற்றோருக்குக் கொடுக்கும் அறிமுகப் புத்தகங்கள் சிலவற்றை நண்பர்களிடம் வாங்கி, தொழிற்சாலையில் தேநீர் இடைவேளைகளில் வாசித்தேன். பன்னிரண்டு வருடம் மாணவருக்குப் பிரதிகளை வாசிக்கச் சொல்லிக்கொடுத்த பழக்கம் கன்வெயர் பெல்ற்றுக்குப் பக்கத்தில் நின்றாலும் போவதில்லை. வழுவழுப்பான தடித்த தாள். மைதானம், சிற்றாலயம், வயலின். சில பக்கங்களுக்கு ஒருமுறை தவறாமல் ஒரு மண்ணிறப் பிள்ளை சிரிக்கிறது. 'முழுமையான மனிதர்', 'தன்னம்பிக்கை', 'விழுமியங்கள்', 'குடும்பம் போன்ற சூழல்'... வாக்கியங்களின் எழுவாய் எப்போதும் பிள்ளைதான். பிள்ளை மலர்கிறது, தேடுகிறது, கண்டடைகிறது. பணம் ஒரு வாக்கியத்திலும் எழுவாயாக வருவதில்லை. கட்டண விபரம் தனித்தாளில், பின்மட்டையின் உறைக்குள் செருகப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் அந்தப் புத்தகங்களில் இல்லை. பக்கத்துத் தெருவில் இருக்கின்ற அரச பாடசாலை. தெரிவு என்பது இரண்டுக்கும் மேற்பட்ட பொருட்களை ஒப்பிட்டு ஒன்றை எடுப்பது. இங்கே ஒரு பொருள் வர்ணப்படத்தில் காட்டப்படுகிறது, மற்றது வாசகரின் அச்சத்துக்கு விடப்படுகிறது. அந்த வெற்றிடத்தைப் பெற்றோர் தாமே நிரப்பிக்கொள்கிறார்கள்: போதைப்பொருள், கத்தி, ஒழுக்கமின்மை, கறுப்புப் பிள்ளைகள். (கடைசியை ஆங்கிலத்தில் சொல்லமாட்டார்கள். தமிழில் சொல்வார்கள்.)

இப்புத்தகங்களில் அதிகமாக விளைந்திருக்கும் சொல் 'மரபு'. அந்த மரபு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதற்கு நாம் தூரம் போகத் தேவையில்லை. குஜராத்தியரும் தமிழரும் நிறைந்து வாழும் ஹரோவில் குன்றின் மேல் இருக்கிறது அந்தப் புகழ்பெற்ற பாடசாலை. சேர்ச்சில் படித்தது, 1905 இல் நேரு வந்து சேர்ந்தது என்று எமது ஆட்கள் விருந்தினருக்குக் காரில் இருந்தபடியே சுட்டிக்காட்டுவார்கள். அதை 1572 இல் முதலாம் எலிசபெத்தின் பட்டயம் பெற்று நிறுவியவர் ஜோன் லயன் என்ற அவ்வூர்க் கமக்காரர். ஹரோப் பங்கைச் சேர்ந்த பையன்களுக்கு இலவசக் கல்வி கொடுப்பதே நோக்கம். ஆசிரியரின் வருமானத்துக்காக வெளியூர்ப் பிள்ளைகளைக் கட்டணத்துடன் சேர்க்கலாம் என்று ஒரு சிறிய வாசல் விதிகளில் திறந்து விடப்பட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு அவ்விதிகள் வைத்த பெயர் 'அந்நியர்'!

இருநூறு வருடங்களில் அந்தச் சிறிய வாசலால் பிரபுக்களின் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள், ஊர்ப் பிள்ளைகள் வெளியே போனார்கள். யாரும் அவர்களைத் துரத்தவில்லை. பாடம் இலத்தீனும் கிரேக்கமும், வகுப்பில் பக்கத்தில் இருப்பவன் பிரபுவின் மகன், அவன் இடும் அடி உதை. கடைக்காரரின் மகன் அங்கே போய் என்ன செய்வான்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரவர்கள் பொறுமையிழந்து, இது எங்கள் பிள்ளைகளுக்காக விடப்பட்ட தருமம் என்று வழக்குப் போட்டார்கள். 1810 இல் தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் பாடசாலையின் பக்கமே நின்றது. பின்னர் 1876 இல் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று ஜோன் லயனின் பெயரிலேயே 'கீழ்ப் பாடசாலை' ஒன்று தனியாகக் கட்டிக் கொடுக்கப்பட்டது. அந்தக் கீழ்ப் பாடசாலையும் இன்று கட்டணம் அறவிடும் தனியார் பாடசாலை. குன்றின் மேலே உள்ளதில் இன்று ஒரு பிள்ளைக்கு ஆண்டொன்றுக்கு 60,000 பவுணுக்கு மேல். பாங்கொக், பீஜிங், ஹொங்கொங் என்று அதன் பெயரில் கிளைகளும் திறந்தாயிற்று.

வின்செஸ்ரர் 1382 இலும் ஈற்றன் 1440 இலும் தொடங்கப்பட்டபோது இரண்டுக்கும் எழுபது ஏழை மாணவர் என்பதே கணக்கு. எனவே 'மரபு' என்று இவர்கள் பெருமைப்படுவது ஏழைகளுக்கு விட்ட சொத்து எப்படிக் கைமாறியது என்ற வரலாற்றை. ஊரில் கோயில் காணி கைமாறிய கதை தெரிந்த எமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமாக இருக்கக்கூடாது. இதில் வேடிக்கை என்னவென்றால் சட்டத்தின் கண்ணில் இப்பாடசாலைகளில் பெரும்பாலானவை இன்றும் தரும நிறுவனங்கள். 2025 ஜனவரியில் இந்நாட்டு அரசு பாடசாலைக் கட்டணத்துக்கு 20 வீத வற் வரி விதித்தபோது எழுந்த கூக்குரலை நாம் கேட்டோம். எமது ஆட்களும் அதில் கலந்துகொண்டார்கள். அவ்வரிக்கு எதிரான வழக்கு அதே ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்றத்தில் தோற்றது. ஒரு வானொலி உரையாடலில் 'வயிற்றிலடிக்கிறார்கள்' என்றார் ஒரு தமிழ்த் தந்தை. யாருடைய வயிறு என்பதுதான் கேள்வி.

கணக்கைப் பார்ப்போம். 2025 இல் இந்நாட்டின் தனியார் பாடசாலைகளில், விடுதியில்லாமல் பகலில் மட்டும் படிக்கும் பிள்ளைக்கான சராசரிக் கட்டணம் வரியுடன் சேர்த்து ஆண்டுக்கு 22,000 பவுணைத் தாண்டியது. அதே ஆண்டு ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுணாக்கப்பட்டது. கிழமைக்கு 40 மணித்தியாலம், வருடம் முழுவதும் ஒரு நாளும் தவறாமல் வேலை செய்தால் 25,397 பவுண். வருமானவரியும் காப்புறுதியும் கழித்தால் கைக்கு வருவது ஏறக்குறைய 21,800. அதாவது என்னோடு இரவு வேலையில் நிற்கும் ஒரு தொழிலாளியின் முழு வருடமும் ஒரு பிள்ளையின் ஒரு வருடக் கட்டணத்துக்குக் காணாது. அப்படியிருந்தும் கட்டுகிறார்கள். எப்படி? தகப்பனின் சம்பளத்தில் வீட்டுக்கடன், தாயின் இரட்டை வேலையில் பாடசாலை, சீட்டில் மிச்சம். இரண்டு பிள்ளைகளுக்கும் கட்ட முடியாதபோது யாருக்குக் கட்டுவது என்ற கேள்வி வருகிறது. நான் அறிந்த வீடுகளில் அந்தக் கேள்விக்கு அநேகமாக மகன்தான் விடையாக இருந்திருக்கிறான். 'அவள் எங்கை விட்டாலும் படிப்பாள்' என்று மகளுக்கு ஒரு பாராட்டும் கிடைக்கிறது. எமது பெண்ணிலைவாதச் சிந்தனையாளர்கள் இந்தப் பாராட்டைக் கொஞ்சம் ஆராயலாம்.

இவ்வளவையும் கொடுத்து வாங்குவது எதை? நல்ல ஆசிரியரை என்பார்கள். தனியார் பாடசாலைகள் பற்றிப் பிரான்சிஸ் கிறீன், டேவிட் கைனஸ்ரன் இருவரும் 2019 இல் எழுதிய நூல் ஒரு பிள்ளைக்குச் செலவிடப்படும் வளங்களின் இடைவெளியை ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்று மதிப்பிடுகிறது. சிறிய வகுப்பு, ஆய்வுகூடம், இசை, எல்லாம் உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சிறிய வகுப்பு ஏன் சிறியதாக இருக்கிறது என்றால், அதற்குள் வரமுடியாதவர்கள் இருப்பதால்தான். சற்றன் ட்ரஸ்ற் அமைப்பு 2019 இல் வெளியிட்ட ஆய்வின்படி தனியார் பாடசாலைகளில் படிப்பவர்கள் மக்களில் 7 வீதம்தான். மூத்த நீதிபதிகளில் 65 வீதமும், அமைச்சுகளின் நிரந்தரச் செயலாளர்களில் 59 வீதமும் அந்த 7 வீதத்திலிருந்து வந்தவர்கள். ஆசிரியத் திறமை மட்டும் இந்த எண்களைத் தந்துவிடாது. பூர்தியு 'பண்பாட்டு மூலதனம்' என்று சொன்னதைக் கருத்தரங்குகளில் மேற்கோள் காட்டாத தமிழ்ப் புத்திஜீவி இல்லை. பேசும் தொனி, நிற்கும் விதம், யாரை எப்படிப் பெயர் சொல்லி அழைப்பது என்ற அறிவு, பிற்காலத்தில் தொலைபேசியில் கூப்பிடக்கூடிய ஒரு வகுப்புத் தோழன். கட்டணம் இதற்குத்தான். இந்தச் சரக்கின் பெறுமதி மற்றவனிடம் அது இல்லாதிருப்பதில் தங்கியிருக்கிறது. எல்லோருக்கும் கிடைத்தால் அது ஒன்றுமேயில்லை. ஆகவே தெரிவுசெய்யும் பெற்றோர் தமது பிள்ளையின் இடத்தை மட்டும் தெரிவுசெய்யவில்லை, அடுத்த வீட்டுப் பிள்ளையின் இடத்தையும் சேர்த்தே தெரிவுசெய்கிறார்கள்.

'திறமையுள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை இருக்கிறதே' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இந்நாட்டு அரசே 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. அரச பணத்தில் தனியார் பாடசாலை இடங்கள் வாங்கிக் கொடுக்கப்பட்டன. 1997 இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. அதை நெருங்கி ஆராய்ந்த கல்வியியலாளர்கள் கண்டது என்னவென்றால், பயன்பெற்றவர்களில் கணிசமானோர் வருமானம் சுருங்கிப்போன மத்தியதர வர்க்கத்தவர் என்பதே. தொழிற்சாலைத் தொழிலாளியின் பிள்ளைகள் எதிர்பார்த்த அளவு வரவில்லை. இதை வாசித்தபோது சிரிப்பு வந்தது. சம்பளச் சீட்டின்படி தொழிலாளியாகவும் புத்தக அலுமாரியின்படி மத்தியதர வர்க்கமாகவும் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. அகதியாக வந்த ஆசிரியர், கணக்காளர், கிளாக்கர், விரிவுரையாளர் எல்லோரும் இந்த இரட்டைக் கணக்கில்தான் வாழ்கிறோம். இழந்த வர்க்கத்தைப் பிள்ளை மூலம் திரும்பப் பெறுவது என்ற ஆசை எமக்குள் வேலை செய்கிறது. பெற்றோர் இரவு வேலையில் பொதி கட்டுவது தற்காலிகம், நாங்கள் உண்மையில் இவர்களல்ல, என்பதற்கு அந்தச் சீருடை சான்றிதழ்.

இந்த ஆசை இங்கிலாந்தில் முளைத்ததல்ல. யாழ்ப்பாணத்தின் ஆங்கிலக் கல்லூரிகள் கட்டணக் கல்லூரிகளாகவே வளர்ந்தன. ஆங்கிலத்துக்குக் காசு, தாய்மொழிப் பள்ளிக்கூடம் இலவசம் என்ற பிரிவினை இருந்தது. காசு இருந்தாலும் எல்லோரும் ஒரே வாங்கில் இருக்கமுடியாது என்ற பிரிவினை அதற்கு மேலால் இருந்தது. 1930 ஐ ஒட்டிய காலத்தில் அரச நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, அதை நடைமுறைப்படுத்திய பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தவர்கள் எமது 'கல்விச் சமூகம்'தான். படிப்பை உயிராக மதிக்கும் சமூகம் என்று எம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளும் கதையில் இந்தத் தீ வருவதில்லை. படிப்பை மதித்தோம், உண்மை. மற்றவன் படிக்காதிருப்பதையும் சேர்த்தே மதித்தோம்.

கன்னங்கராவின் குழு 1943 இல் அறிக்கை தந்து 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, பெரிய கல்லூரிகளின் முகாமைகள் கொழும்பிலும் சரி வடக்கிலும் சரி அதை வரவேற்கவில்லை. ஆனால் கடந்த எண்பது வருடத்தில் எம்மில் எத்தனை பேர் அந்த இலவசக் கல்வியின் பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள். கமக்காரரின் மகனான நான் பல்கலைக்கழகம் வரை ஒரு சதம் கட்டணம் கட்டாமல் போனேன். இந்த ஏட்டை எழுதுபவர், அச்சுக் கோர்ப்பவர், வாசிப்பவர் எல்லோருக்கும் அநேகமாக அதே கதைதான். போர்க்காலத்தில்கூட அந்த அமைப்பு முற்றாக உடையவில்லை. இயக்கத்தின் கட்டுப்பாட்டிலிருந்த பிரதேசங்களிலும் ஆசிரியர் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது, அரச பரீட்சை மண்டபங்கள் திறந்தன. 2009 ஓகஸ்ட்டில் செட்டிகுளம் முகாம்களின் முள்வேலிக்குள் இருந்தபடி பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. அரசு என்பது எமக்குச் சிங்கள அரசாகவே வந்தது. 1960, 61 இல் பாடசாலைகள் அரசுடைமையானபோது, எமது ஊர்கள் காணியும் பிடியரிசியும் கொடுத்துக் கட்டிய சைவப் பள்ளிக்கூடங்கள் எம்மை நம்பாத ஓர் அரசின் கைக்குப் போயின. எனவே 'அரச பாடசாலை' என்ற சொல்லிலேயே எமக்கு ஒரு கசப்பு ஊறிவிட்டது. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தக் கசப்பை விமான நிலையம் தாண்டிக் கொண்டுவந்து, ஹரோவிலும் குறொய்டனிலும் உள்ள அரச பாடசாலை மீது பூசுவதற்கு என்ன நியாயம்? 2003 க்குப் பிறகு லண்டனின் அரச பாடசாலைகளில் பெரும் பணமும் உழைப்பும் செலவிடப்பட்டன. இந்நாட்டின் மிகப் பின்தங்கியவை என்றிருந்த அவற்றில் பல இன்று முன்னணியில் நிற்கின்றன. எமது பிள்ளைகளில் மருத்துவம், பொறியியல், சட்டம் என்று போனவர்களில் அநேகர் அங்கிருந்துதான் போனார்கள். இதை எல்லோரும் அறிவர். இருந்தும் அந்தப் பாடசாலை 'வேறு வழியில்லாதவர்களுக்கு' என்றே பேசப்படுகிறது.

இப்போது மிகவும் கசப்பான இடத்துக்கு வருகிறேன். 1971 இல் வந்த தரப்படுத்தல் எமது தலைமுறைகளின் அரசியலைத் தீர்மானித்த காயங்களில் ஒன்று. பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவருக்கு 250 புள்ளி, சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 227. மொழியை வைத்துப் புள்ளியை வெட்டிய அந்த நடவடிக்கை அப்பட்டமான இனப்பாகுபாடு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறு வகையானது. அது யாழ்ப்பாணத்தைத் தாக்கியது, மன்னாருக்கும் வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் கதவு திறந்தது. எமது பேச்சுகளில் இரண்டும் ஒரே அநியாயமாகக் கலக்கப்பட்டன. ஏனென்றால் பேசியவர்கள் யாழ்ப்பாணத்தார். இன்றும் இலங்கையில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தகுதி, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்றே அனுமதி நடக்கிறது. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் இருந்து மருத்துவ பீடம் போகும் பிள்ளை இந்த வழியாலும் போகிறது.

தரப்படுத்தலுக்கு எதிராக நாம் உயர்த்திப் பிடித்த கொடி எது? திறந்த போட்டி. திறமைக்கு இடம். அந்தக் கொடியைப் பிடித்த கையால் இன்று காசோலை எழுதுகிறோம், பிள்ளையைத் திறந்த போட்டியிலிருந்து வெளியே எடுத்துத் தனிப்பாதையில் விடுவதற்காக! அதோடு விடவில்லை. இந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில, வறிய பகுதிகளிலிருந்தும் பின்தங்கிய பாடசாலைகளிலிருந்தும் வரும் மாணவருக்கு ஒன்றிரண்டு தரம் குறைத்து இடம் கொடுக்கின்றன. இதைக் கேள்விப்பட்ட தனியார் பாடசாலைத் தமிழ்ப் பெற்றோர் சிலர் 'இஞ்சையும் தரப்படுத்தல் வந்திட்டுது' என்று குமுறுவதைக் காது குளிரக் கேட்டிருக்கிறேன். ஆண்டுக்கு 22,000 பவுண் கொடுத்துத் தன் பிள்ளைக்கு ஏழு வருட முன்னோட்டம் வாங்கியவர், அதைக் கணக்கிலெடுத்து ஒரு பல்கலைக்கழகம் மற்றப் பிள்ளையை இரண்டடி முன்னே விட்டால் அநியாயம் என்கிறார். தரப்படுத்தல் என்ற சொல்லுக்குள் இருந்த உண்மையான காயத்தை இதைவிட மலிவாக விற்க முடியாது.

ஊரிலும் இதே ஓட்டம்தான் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1961 ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து முதல் பதினான்கு வயது வரையான இலங்கைப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதைத் தடை செய்தது. அதைச் சுற்றி ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. பாடசாலையைக் கம்பனியாகப் பதிந்தால் சரி. 'சர்வதேசப் பாடசாலை' என்ற பெயரில் கொழும்பில் தொடங்கி இப்போது யாழ்ப்பாணம் வரை அவை வந்துவிட்டன. அவற்றில் படிக்கும் பிள்ளைகள் சிலரின் கட்டணம் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் போகிறது. இலவசக் கல்வியால் வெளிநாடு வரத் தகுதி பெற்ற மாமா, மருமகனை அந்த இலவசக் கல்வியிலிருந்து காசு கொடுத்து மீட்கிறார்.

இனி, நண்பர்களின் வாதங்களில் எனக்கு மிகவும் கனமாகத் தெரிவதை எடுக்கிறேன். 'இந்நாட்டுப் பாடசாலையில் எமது பிள்ளையை நிறத்தை வைத்து மதிப்பிடுகிறார்கள், கீழ்ப்பிரிவில் போடுகிறார்கள், அடிவாங்கிக்கொண்டு வருகிறான், நாங்கள் என்ன செய்ய?' இது கற்பனையல்ல. ஆனால் இந்தக் கேள்வியை எமக்கு முன்னரே கேட்டவர்கள் இருக்கிறார்கள். 1971 இல், அதாவது எமது தரப்படுத்தல் வந்த அதே ஆண்டில், கிரனடாவைச் சேர்ந்த பேர்னார்ட் கோர்ட் என்ற ஆசிரியர் லண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். கரிபியன் பிள்ளைகளை இந்நாட்டுப் பாடசாலை அமைப்பு எவ்வாறு 'கல்வியில் இயல்புக்குக் கீழானவர்' என்று முத்திரை குத்தித் தனிப் பாடசாலைகளுக்குத் தள்ளுகிறது என்பதை அது பெற்றோருக்கு விளங்கும் மொழியில் சொன்னது. அதை வெளியிட்டது ஜோன் லா றோஸ் நடத்திய நியூ பீக்கன் என்ற சிறு பதிப்பகம். பஸ் ஓட்டியவர்களும் ஆஸ்பத்திரி துப்புரவாக்கியவர்களுமான அந்தப் பெற்றோர் கூட்டம் போட்டார்கள், பாடசாலை வாசலுக்குப் போனார்கள், சனிக்கிழமைப் பாடசாலைகளை வளர்த்தெடுத்தார்கள். அந்தச் சனிக்கிழமைப் பாடசாலைகள் கணக்கும் வாசிப்பும் சொல்லிக்கொடுத்தன, கறுப்பர் வரலாறும் சொல்லிக்கொடுத்தன. அவர்களுக்குக் காசு இருக்கவில்லை என்பதால்தான் போராடினார்கள் என்று யாரும் சொல்லலாம். இருக்கலாம். ஆனால் அவர்கள் போராடியதன் பயனை அடுத்து வந்த எமது பிள்ளைகளும் அனுபவித்தார்கள். ஒரு தமிழ்த் தகப்பன் தன் பிள்ளையைத் தனியார் பாடசாலைக்கு எடுத்துக்கொண்டு போவதால் யாருடைய பிள்ளைக்கும் எதுவும் கிடைப்பதில்லை. அதோடு, அங்கே நிறவாதம் இல்லை என்று யார் சொன்னது? அங்கே அது நல்ல ஆங்கிலத்தில் நடக்கும், அவ்வளவுதான்.

எமக்கும் சனிக்கிழமைப் பாடசாலைகள் உண்டு. தமிழ், பரதம், மிருதங்கம், பக்கத்து அறையில் ரியூஷன். மொழிக்காக உழைக்கும் அந்த ஆசிரியர்களை நான் மதிக்கிறேன், கூலியில்லாமல் வாரம் தவறாமல் வருகிறார்கள். ஆனால் பிள்ளை கிழமையில் ஐந்து நாள் போகும் பாடசாலையில் என்ன நடக்கிறது என்பது அங்கே பேசுபொருளே அல்ல. இந்நாட்டின் அரச பாடசாலைகளின் ஆளுநர் சபைகளில் பெற்றோர் தெரிவுசெய்யும் பெற்றோருக்கென்று இடங்கள் உள்ளன. சம்பளமில்லாத பதவி, வேலையோ கூட. பல இடங்களில் போட்டியிட ஆளில்லை. தெரிவு, தெரிவு என்று சொல்கிறோமே, இதுவும் ஒரு தெரிவு. எங்கள் பகுதியில் தமிழர் யாராவது அதற்கு நின்றதை நான் அறியேன். கோயில் பரிபாலன சபைக்கு மூன்று அணிகள் நிற்கின்றன.

போன வருடம் என்னோடு வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பொடியன் வந்து, தன் மகனைக் கணக்கில் கடைசிப் பிரிவுக்கு இறக்கிவிட்டார்கள், ஏனென்று சொல்கிறார்களில்லை, தனியாரில் போட எவ்வளவு செல்லும் என்று கேட்டான். அவனுடைய சம்பளம் எனக்குத் தெரியும். விசாரித்துப் பார்த்ததில் அதே வகுப்பில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு அதே கதை. ஒன்று சோமாலியத் தாயின் மகள், மற்றது போலந்துக்காரர் ஒருவரின் மகன். மூன்று பெற்றோரும் நானுமாக நேரம் கேட்டுப் போனோம். கடைசியாக எழுதிய மூன்று பரீட்சைத் தாள்களையும் கேட்டு வாங்கி மேசையில் வைத்துக் கதைத்தோம். இரண்டு பிள்ளைகளை மறுதவணை மேல் பிரிவுக்கு எடுத்தார்கள். போலந்துப் பையனுக்கு இன்னும் முடிவில்லை, அடுத்த சந்திப்பு பங்குனியில். எமது சங்கத்திலிருந்தும் ஒருவரை வரச்சொல்லிக் கேட்டிருந்தேன். அன்று கலைவிழா ஒத்திகை என்றார்கள்.